சாதி ஏறாத ரயில்

ரோஹித் ஷெட்டியின் 'சென்னை எக்ஸ்பிரஸ்' (2013) பற்றித் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் புகார் ஒன்றுதான்: தமிழர்களைக் கேலிச்சித்திரமாக்கிவிட்டது. வேட்டி, அரிவாள், மலைபோன்ற அடியாட்கள், தீபிகா படுகோனின் இழுவை இந்தி. புகார் நியாயமானது. ஆனால் அதைவிடப் பெரிய குறை ஒன்று அதிகம் பேசப்படவில்லை.

முதலில் படத்தின் பலம். கட்டாயத் திருமணத்துக்குப் பயந்து ஓடிவந்த மீனா, யாரோ வந்து மீட்கட்டும் என்று காத்திருக்கும் பெண் அல்ல. ரயிலில் தன்னைப் பிடித்துவைத்திருக்கும் உறவினர்கள் முன்னாலேயே, இந்திப் பாட்டு மெட்டில் ராகுலிடம் சேதி சொல்கிறாள். திட்டம் போடுவதும் வழி சொல்வதும் பெரும்பாலும் அவள்தான். ஷாருக் கான் தன் பழைய காதல் நாயகன் பிம்பத்தைத் தானே கிண்டலடிக்கிறார். மொழி புரியாமல் ராகுல் முழிக்கும்போது, இந்திப் பார்வையாளரும் கூடவே முழிக்கிறார். எல்லோருக்கும் இந்தி புரியும் என்ற மிதப்புக்கு இது சின்ன அடி.

இனி குறை. பெண்ணின் விருப்பத்தை மீறி அப்பா மாப்பிள்ளை பார்க்கிறார், ஓடிப்போனவர்களை ஆயுதத்தோடு துரத்துகிறார்கள், குடும்ப மானம் போய்விட்டது என்கிறார்கள். இத்தனையும் இருக்கும் கதையில் சாதி என்ற ஒன்று மட்டும் இல்லை. தப்பி ஓடும் ஜோடிக்குக் கணவன் மனைவி என்று நம்பி ஒரு கிராமமே அடைக்கலம் தருகிறது. எந்தத் தெரு, யார் வீட்டு ஆட்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படியொரு ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

படம் வெளியானது 2013 ஆகஸ்டில். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 4 அன்று, தருமபுரியில் ரயில் பாதையோரம் இளவரசன் சடலமாகக் கிடந்தார். அவரும் திவ்யாவும் காதலித்து மணந்ததற்காக 2012 நவம்பரில் நத்தம் காலனி உட்பட மூன்று தலித் குடியிருப்புகள் சூறையாடப்பட்டிருந்தன. அவர்களைப் பிரித்தது மொழி அல்ல. காதலுக்குத் தடை வடக்கு, தெற்கு என்ற வேறுபாடுதான் என்று காட்டும்போது, தடையின் உண்மையான பெயர் மறைந்துவிடுகிறது.

முடிவு இன்னும் மோசம். பெண்ணின் விருப்பத்தைக் கேளுங்கள் என்று ராகுல் அப்பாவிடம் நீளமாகப் பேசுகிறான். பிறகு அடித்து ஜெயித்தவனுக்கே மகளைத் தருகிறார் அப்பா. அந்த அப்பாவாக நடித்தவர், 2007இல் திரையில் பெரியாராக வாழ்ந்த சத்யராஜ். பெண் யாருக்கும் சொத்தல்ல என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர் பெரியார். படமோ சொத்தைக் கைமாற்றிவிட்டு அதைக் காதலின் வெற்றி என்கிறது. இனிப்புக்கடை முதலாளியின் பேரன், தன்னை 'சாமானியன்' என்று சொல்லிக்கொள்வதும் அதே கணக்குதான்.

நகைச்சுவைப் படத்தில் இதையெல்லாம் தேடலாமா என்று கேட்பார்கள். தேடலாம். சிரிக்கவைக்கும் படம் சாதியைப் பேசியே ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் மானத்தின் பெயரால் நடக்கும் துரத்தலை வேடிக்கையாக்கும் படம், அந்த மானம் எதனால் ஆனது என்பதை ஒளிக்கக் கூடாது. மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018) படத்திலும் நாயகன் பெண்ணின் தந்தையோடு பேசுவதில்தான் கதை முடிகிறது. அங்கே தந்தை மகளைக் கையில் பிடித்துக் கொடுப்பதில்லை. இருவருக்கும் நடுவே இருப்பது என்னவென்று அந்தப் படம் நமக்குக் காட்டிவிடுகிறது.

'சென்னை எக்ஸ்பிரஸ்' பார்த்துச் சிரியுங்கள், தவறில்லை. சிரித்து முடித்ததும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ராகுல் மும்பைக்காரனாக இல்லாமல், மீனாவின் ஊர்ச் சேரியிலிருந்து வந்திருந்தால் அந்த அப்பா என்ன செய்திருப்பார்?