பழைய பொறிக்கு ஐந்து நல்ல விளையாட்டுகள்



வெளிநாட்டிலுள்ள உறவினர் ஒருவர் அனுப்பிய பொதியில் தம் மைந்தனுக்கென ஒரு பழைய 'கேம் போய்' விளையாட்டுப் பொறி வந்து சேர்ந்ததென்றும், அதனுடன் விளையாட்டு ஒன்றேனும் வரவில்லையென்றும், எவற்றைத் தேடி வாங்குதல் தகுமென்றும் கேட்டு வாசகி ஒருவர் இப்பகுதிக்கு எழுதியிருக்கின்றார். "கைத்தொலைபேசியை வாங்கி வைத்துவிட்டு இதனைக் கொடுக்கலாமென்று எண்ணுகின்றேன். இதுவும் அதுபோலவே ஆகிவிடுமோ?" என்ற ஐயத்தையும் கடிதத்தின் இறுதியிற் சேர்த்திருக்கின்றார். முதற் கேள்விக்கு விடை கூறுதல் எளிது, இரண்டாவதே ஆராயத்தக்கது. இவ்வாரம் இரண்டினையும் நோக்குவோம்.

முதலிற் பொறியைப் பற்றிச் சில சொற்கள். யப்பானிய நிறுவனமாகிய நின்டெண்டோ இதனை 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி தன் நாட்டில் விற்பனைக்கு விட்டது. திரையில் 160க்கு 144 என்ற அளவிற் புள்ளிகளே உள்ளன. வண்ணங்கள் இல்லை, பாசி படிந்தாற்போன்ற பின்னணியில் நான்கு வகைச் சாயல்கள் மாத்திரம். திரைக்குப் பின்னே விளக்கும் இல்லை. சுவர்மணிக்கூட்டுக்கு இடும் அளவான பற்றரிகள் நான்கு வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் காட்ரிஜ் ஒன்றை முதுகிற் செருகினால் அதிலுள்ள விளையாட்டு திரையில் தோன்றும்.

அதே 1989இல் அற்றாரி நிறுவனத்தின் 'லிங்ஸ்' பொறியும், 1990இல் செகா நிறுவனத்தின் 'கேம் கியர்' பொறியும் வண்ணத் திரையும் விளக்கும் கொண்டு வந்தன. ஆயினும் அவை ஒவ்வொன்றும் ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிட்டன. கேம் போயோ நான்கு பற்றரிகளைக் கொண்டு பத்து மணி நேரத்துக்கு மேலும் ஓடிற்று. அதுவும், 1998இல் வந்த அதன் வண்ணத் திரைத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடியே 86 இலட்சத்துக்கு மேல் விலைப்பட்டன.

இதன் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் குன்பெய் யொகொய் என்னும் பொறியியலாளர். புகைவண்டியிற் பயணி ஒருவர் கணிப்பானின் பொத்தான்களைத் தட்டிப் பொழுது போக்கியதைக் கண்டு, 1980இல் 'கேம் அண்ட் வாச்' என்னும் சிறு விளையாட்டுக் கருவியை ஆக்கியவரும் இவரே. மலிந்து, பழகி, பிறர் கண்ணுக்கு வாடிப்போனதாகத் தோன்றும் தொழில்நுட்பத்தைப் புதிய கோணத்தில் நின்று பயன்படுத்த வேண்டும் என்பது அவரது கொள்கை. சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நம் முன்னோர் கூறியதும் ஏறக்குறைய இதுவேயாம். 1997இல் வீதி விபத்தொன்றில் அவர் காலமானார்.

இனி விளையாட்டுகளுக்கு வருவோம். இப்பொறிக்கென வெளிவந்தவை நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஐந்தினை மாத்திரம் இங்கு விதந்துரைக்கின்றோம்.

முதலாவது 'டெற்றிஸ்'. 1984இல் மொஸ்கோவிலுள்ள விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் அலெக்சி பஜித்னோவ் என்பவர் இதனை ஆக்கினார். நான்கு சதுரங்கள் சேர்ந்த ஏழு வகை உருவங்கள் ஒவ்வொன்றாக மேலிருந்து இறங்கும். அவற்றைத் திருப்பித் திருப்பி இடைவெளியின்றி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிரம்பினால் அது மறைந்துவிடும். இவ்வளவே விதி, ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஐந்து நிமிடத்தில் விளங்கும். ஓரத்தில் ஒரு நிரலை வெறுமையாக விட்டு, நீண்ட கோல் வரும்வரை காத்திருந்து, நான்கு வரிசைகளை ஒருங்கே அழிப்பவர்க்கே மிகுந்த புள்ளிகள் கிட்டும். பேராசைக்கும் பொறுமைக்கும் இடையே நிகழும் போராட்டம் இது என்க. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இப்பொறியுடன் இவ்விளையாட்டையே சேர்த்து விற்றனர். 1993இல் ரஷ்ய விண்வெளி வீரர் அலெக்சாந்தர் செரெப்ரோவ் இதனை 'மீர்' விண்வெளி நிலையத்துக்கும் கொண்டு சென்றார். வீட்டில் ஒன்றுதான் வாங்க இயலுமெனின் இதனையே வாங்குக.

இரண்டாவது 'கேர்பிஸ் ட்ரீம் லாண்ட்'. 1992இல் வெளிவந்தது. மசஹிரோ சகுராய் என்னும் இளைஞர், முன்பு ஒருபோதும் இத்தகைய விளையாட்டைத் தொட்டறியாதவர்க்கென்றே இதனை வகுத்தார். உருண்டை வடிவான கேர்பி காற்றை உள்ளிழுத்து ஊதிப் பறக்கும். ஆகவே பள்ளத்தில் வீழ்ந்து தோற்றுவிடுவோமென்ற அச்சம் சிறுவர்க்குக் குறைவு. ஐந்தே கட்டங்கள், பழகிய கைக்கு ஒரு மணி நேரமும் வேண்டாம். முடித்தவர்க்கு இன்னும் கடினமான சுற்றொன்று காத்திருக்கின்றது. வீட்டின் கடைக்குட்டிக்கு ஏற்றது இதுவே.

மூன்றாவது 1994இல் வந்த 'டொங்கி கொங்'. 1981ஆம் ஆண்டின் புகழ்பெற்ற விளையாட்டின் நான்கு கட்டங்களையும் முதலில் அப்படியே காட்டும். பழையதைப் புதுப்பித்து விற்கின்றனர் போலும் என்று நாம் எண்ணும் வேளையிற் கதவு திறந்து, மொத்தம் 101 கட்டங்களாக விரியும். பெரும்பாலான கட்டங்களில் திறவுகோலை எடுத்துப் பூட்டிய வாயிலுக்குக் கொண்டு சேர்த்தல் வேண்டும். எந்த ஏணியில் ஏறுவது, எந்தப் பாலத்தை எப்பொழுது இடுவது என்று முன்கூட்டியே எண்ணாதவன் நடுவழியில் நின்றுவிடுவான். கேத்திரகணிதத்தில் விருப்பமுள்ள மாணவர்க்கு இது நன்கு சுவைக்கும்.

நான்காவது 'லிங்க்ஸ் அவேக்கனிங்'. 1993இல் வெளிவந்த இதனை, அலுவல் முடிந்தபின் சில ஊழியர்கள் தாமாகவே செய்து பார்த்த முயற்சியாகத் தொடங்கினர் என்பது வியப்பான செய்தி. புயலிற் கலமுடைந்த இளைஞன் ஒருவன் கொஹோலின்ற் என்னும் தீவிற் கரையொதுங்குகின்றான். மலையுச்சியிலுள்ள பெரிய முட்டைக்குள் காற்று மீன் என்னும் ஒன்று உறங்குகின்றது. எட்டு இசைக்கருவிகளைத் தேடிச் சேர்த்து அதனை எழுப்பினாலன்றி அவன் ஊர் திரும்ப இயலாது. எழுப்பினால் அத்தீவுக்கும் அவனை அன்புடன் பேணிய மக்களுக்கும் யாது நேரும் என்ற ஐயம் நடுவழியில் எழும். அதன்பின் ஒவ்வோர் அடியையும் சற்றுத் தயங்கியே எடுத்து வைப்போம். முடிவை இங்கு உரைத்தல் முறையன்று. நான்கு சாயல்களில் எழுதிய சித்திரம் மனிதர் நெஞ்சை இவ்வளவு தொடுமா என்று வியந்தோர் பலர். உரையாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. ஆகவே அகராதியை அருகில் வைத்துக்கொண்டு ஆடும் மாணவனுக்கு மொழிப் பயிற்சியும் கிட்டும். மூவர் தத்தம் ஆட்டத்தைத் தனித்தனியே பதிந்து வைத்துக்கொள்ளவும் இதில் இடமுண்டு.

ஐந்தாவது 'பொக்கெமொன்'. 1996இல் யப்பானிலும் 1998இல் அமெரிக்காவிலும் வெளிவந்தது. சிறு வயதிற் பூச்சி பிடித்துச் சேர்த்த சதொஷி தஜிரி என்பவர், அவ்வின்பத்தை நகரத்துப் பிள்ளைகளுக்கும் அளிக்க விழைந்து ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் உழைத்து இதனை ஆக்கினார். 151 வகை விலங்குகள் உள்ளன. சில வகைகள் சிவப்புப் பதிப்பில் மாத்திரமும், வேறு சில நீலப் பதிப்பில் மாத்திரமும் கிட்டும். எனவே தனியொருவன் எவ்வளவு முயன்றாலும் தொகுப்பு நிறைவுறாது. நண்பனின் பொறியோடு கம்பியால் இணைத்துப் பண்டமாற்றுச் செய்தேயாக வேண்டும். தோழமையையே விதியாக்கிய விளையாட்டு என்று இதனைக் கூறலாம். ஓர் எச்சரிக்கை: இதிற் பதிந்து வைக்க ஒருவர்க்கே இடமுண்டு. தம்பி புதிதாகத் தொடங்கிப் பதிந்தால் அண்ணனின் பல வார உழைப்பு அழிந்துவிடும். அந்த வழக்கைத் தீர்க்க எந்த நீதிபதியாலும் இயலாது. ஆதலின் யாருடைய ஆட்டம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்க.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. பற்றரி இடும் அறையைத் திறந்து பாருங்கள். உலோகத் தகட்டில் வெள்ளையோ பச்சையோ படிந்திருந்தால் பழைய பற்றரி கசிந்துள்ளதென்று பொருள். சிறிதளவாயின் பஞ்சில் வினாகிரி தொட்டுத் துடைக்கலாம். பொறியை எடுத்து வைக்கும்பொழுது பற்றரிகளைக் கழற்றி விடுக. பொக்கெமொன், லிங்க்ஸ் அவேக்கனிங் போன்றவற்றின் காட்ரிஜினுள் ஆட்டத்தைப் பதிந்து வைப்பதற்கெனச் சிறு பற்றரி ஒன்று உண்டு. அது பல ஆண்டுகளில் வலுவிழக்கும். மாற்றுவிக்கும்பொழுது பழைய பதிவு அழியும். டெற்றிசுக்கும் கேர்பிக்கும் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பொறியை அணைத்ததும் டெற்றிஸ் புள்ளிகள் மறைந்துவிடும். நல்ல எண்ணிக்கை பெற்றால் அப்பியாசக் கொப்பியிற் குறித்து வைப்பதே வழி. பழைய பொறி கிட்டாதவர்களுள், நின்டெண்டோவின் 'சுவிற்ச்' பொறி வைத்திருப்போர் சந்தா செலுத்தி இவற்றுட் சிலவற்றை 2023ஆம் ஆண்டு முதல் அதில் ஆட முடிகின்றது.

இனி அன்னையாரின் இரண்டாவது கேள்வி. கைத்தொலைபேசியில் இன்று காணும் விளையாட்டுகளுட் பல, முடிவென்பதே இல்லாதவாறு வகுக்கப்பட்டவை. இடையிடையே விளம்பரம் வரும். பணம் கட்டினால் மேலே செல்லலாம் என்று ஆசை காட்டும். மூடி வைத்தாலும் மணி அடித்து அழைக்கும். கேம் போயோ ஒரு முறை கொடுத்த விலையோடு நின்றுவிடும். அணைத்தால் அது எவரையும் அழைக்காது. திரையில் விளக்கின்மையைக் குறையென்று பலர் பழித்தனர். ஆனால் போர்வைக்குள் ஒளிந்து நள்ளிரவில் ஆட இயலாதென்பதை நோக்குமிடத்து, அன்னையர்க்கு அதனினும் பெரிய உதவி பிறிதில்லை. ரோச் லைற் எங்கேயிருக்கின்றது என்பதை மாத்திரம் பார்த்துக்கொள்க.

எனினும், பொறி மாறியதனால் மாத்திரம் பழக்கம் மாறிவிடுமென்று நம்புதல் தவறு. டெற்றிசின் முதல் வகை ஆட்டமும் தோற்கும்வரை ஓயாது. மனம் ஒன்றிய பிள்ளை அதிலும் பொழுதை மறப்பான். அதற்கு இரண்டு வழிகளைக் கூறுவோம். டெற்றிசில் இரண்டாம் வகையைத் தெரிவு செய்தால் 25 வரிசைகளோடு ஆட்டம் நிறைவுறும். 'இன்று இரண்டு ஆட்டங்கள்' என்று அளவு வகுக்கலாம். நீண்ட கதை விளையாட்டுகளில், நடுவழியிற் பறித்து அணைத்து விடாதீர்கள். பதிந்துவிட்டு வா என்று ஐந்து நிமிடம் கொடுங்கள். உழைத்ததை இழந்த பிள்ளையின் கோபம் நியாயமானதே. வாசித்துக்கொண்டிருக்கும் நூலைப் பாதியிற் கிழித்தால் நமக்கும் அவ்வாறுதானே இருக்கும்?

எல்லாவற்றிலும் மேலான வழி ஒன்றுண்டு. மாலையில் தேநீர் அருந்தியபின், வாசலில் வெளிச்சம் இருக்கும்பொழுது, அவனருகில் அமர்ந்து அன்னையாரும் ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்கட்டும். முதல் நாள் தோற்பார். மைந்தன் சிரித்துவிட்டுக் கற்றுக்கொடுப்பான். கைத்தொலைபேசியோடு அவன் தனித்து மூலைக்குச் சென்ற நாட்கள் குறைந்தனவா என்பதை இரண்டு திங்கள் கழித்து எமக்கு எழுதுவாராக. அவர் அடுக்கிய வரிசைகளின் எண்ணிக்கையையும் அக்கடிதத்திற் குறிப்பிட மறவாதிருப்பாராக.