தாழ வேண்டியது இருக்கை, பின்சக்கரம் அல்ல

தருமபுரி மாவட்டத்துச் சாலைகளில் வார இறுதிகளில் நெடும்பயண பைக்குகள் பெருகிவிட்டன. பெங்களூரிலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் தொப்பூர் கணவாயில் இறங்குகிறார்கள். ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் பென்னாகரம் மலைப்பாதையைப் பிடிக்கிறார்கள். உள்ளூர் இளைஞர்களுக்கு வத்தல்மலையும் சித்தேரியும் இருக்கின்றன. இந்த வண்டிகள் கரடுமுரடான பாதைக்காக உயரமாகச் செய்யப்பட்டவை. ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயனுக்கு இருக்கை உயரம் 800 மி.மீ.; ஓசூர் டிவிஎஸ் ஆலையில் செய்யப்பட்ட பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ்ஸுக்கு 835; கேடிஎம் 390 அட்வெஞ்சரின் முதல் வடிவத்துக்கு 855. இந்திய ஆணின் சராசரி உயரமோ சுமார் 165 செ.மீ., பெண்ணின் உயரம் சுமார் 152 செ.மீ. சிக்னலில் நிற்கும்போது பலருக்குக் கால்விரல் நுனி மட்டுமே தரையில் படுகிறது. இதற்குப் பட்டறைகளில் கிடைக்கும் சுலபமான பதில், பின்பக்க ஷாக்கை மாற்றியோ அதன் லிங்கை நீட்டியோ வண்டியைப் பின்னால் இறக்கிவிடுவது. கேட்பவரின் தேவை நியாயமானது. கிடைக்கும் தீர்வு தவறானது.

கணக்குப் போட்டுப் பார்த்தாலே இது தெரியும். பழைய ஹிமாலயனின் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1,465 மி.மீ. தூரம். பின்பக்கத்தை 40 மி.மீ. இறக்கினால் இருக்கையும் 40 மி.மீ. இறங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இறங்காது. முன்சக்கரத்தின் உயரம் மாறாததால் வண்டி அப்படியே பின்னோக்கிச் சாய்கிறது. ஓட்டுபவர் உட்காரும் இடம் பின் அச்சுக்கு முன்னால் இருப்பதால் அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 30 மி.மீ.தான். அதற்கு விலையாக வண்டியின் முழு உடலும் ஒன்றரை டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடுகிறது. கேட்பதற்குச் சின்ன எண். ஆனால் முன் ஃபோர்க்கின் கோணமும் அதே அளவு படுக்கிறது. கோணம் படுத்தால், ஸ்டீயரிங் அச்சின் நேர்கோடு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தரையைத் தொடும் புள்ளிக்கும் உள்ள இடைவெளி கூடுகிறது. வண்டி நேராக ஓடவே விரும்பும், திருப்பினால் தாமதித்துத் திரும்பும். ஹெட்லைட்டும் அதே ஒன்றரை டிகிரி நிமிர்கிறது. ஐம்பது மீட்டர் தூரத்தில் அந்த ஒளி முன்பு விழுந்த இடத்தைவிட ஏறத்தாழ 1.4 மீட்டர் மேலே, எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண்ணில் விழும். லைட்டைத் திருகித் தாழ்த்திக்கொள்ளலாம்தான். அதை நினைவுபடுத்தும் பட்டறைகள் எல்லா ஊரிலும் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சமதளத்தில் இந்த மாற்றங்களோடு காலம் தள்ளிவிடலாம். தருமபுரியின் மலைச்சாலைகளில் முடியாது. தொப்பூர் கணவாய், ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் சேலத்தை நோக்கித் தொடர்ந்து இறங்கும் சரிவு. பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகள்மேல் ஏறுவது அங்கே திரும்பத் திரும்ப நடக்கும் துயரம். 2024 ஜனவரியில் அப்படி அடுத்தடுத்து வாகனங்கள் மோதியதில் நான்கு பேர் உயிரிழந்தார்கள். அந்தச் சரிவில் பைக் ஓட்டுபவரைக் காப்பாற்றக்கூடியது சட்டென்று விலகும் திறன். பின்பக்கம் இறக்கிய வண்டி அந்தத் திறனில்தான் முதலில் குறைகிறது. வத்தல்மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் வேறு சிக்கல்: சாய்க்கும்போது ஃபுட்ரெஸ்ட்டும் சென்டர் ஸ்டாண்டும் முன்பைவிடச் சீக்கிரம் தரையில் உரசும். லிங்கை நீட்டி இறக்கிய வண்டியில் ஷாக்கின் ஓட்டம் குறையாது. பின்சக்கரம் மேலே ஏறும் எல்லைதான் மட்கார்டை நெருங்குகிறது. பின்னால் ஒருவரும் இரண்டு பெட்டிகளும் இருக்கும்போது ஒரு பள்ளம் வந்தால் டயர் மட்கார்டில் இடிக்கலாம். ஸ்பிரிங்கை வெட்டிக் குட்டையாக்கும் வழக்கம் இதைவிட மோசம். வெட்டிய ஸ்பிரிங் முன்பைவிட விறைப்பாகிவிடும். அசையும் இடமும் குறையும். டயர் சாலையை விட்டு எழும்பும். வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட மென்மையான மேடாக இருக்க வேண்டும் என்பது இந்திய சாலைக் காங்கிரஸின் அளவு. நம் ஊர்ச் சாலைகளில் கிடப்பவையோ பெரும்பாலும் குறுகலான, செங்குத்தான மேடுகள். சைடு ஸ்டாண்டையும் மறக்கக் கூடாது. வண்டி இறங்கி ஸ்டாண்டு மட்டும் பழைய நீளத்தில் இருந்தால் வண்டி நிமிர்ந்தே நிற்கும். மலைச்சாலை ஓரத்தில் சுமையோடு நிறுத்தினால் மறுபக்கம் சாயும். கால் எட்டாமல் கீழே விழக் கூடாது என்று இறக்கிய வண்டி, ஆளே இல்லாமல் விழும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, நெடும்பயண வண்டிகள் விழுவது பெரும்பாலும் நிற்கும்போதுதான் என்பது. உண்மை. 180, 190 கிலோ வண்டி சரிவில் ஒரு பக்கம் சாயத் தொடங்கினால், கால் ஊன்றாதவரால் அதைப் பிடிக்க முடியாது. குட்டையானவர்கள், குறிப்பாகப் பெண்கள், இந்தப் பயத்தாலேயே தங்களுக்குப் பிடித்த வண்டியை விட்டுவிடுகிறார்கள். அவர்களைப் பார்த்து, இரண்டு காலும் எட்ட வேண்டியதில்லை, ஒரு கால் போதும், பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துவிடுவது நியாயமில்லை. ஆனால் உயரத்தைக் குறைக்க வண்டியின் கோணத்தைத் தொடாத வழிகள் இருக்கின்றன. முதல் வழி இருக்கை. புதிய ஹிமாலயன் 450க்கு நிறுவனமே தாழ்வான இருக்கை தருகிறது, 825 மி.மீ. உயரம் 805 ஆகிறது. பட்டறைக்காரர் 40 மி.மீ. இறக்கித் தருவது ஏறத்தாழ 30 என்றால், இதில் ஒரு நட்டைக்கூட ஷாக்கில் தொடாமல் 20 கிடைக்கிறது. இருக்கையின் முன்பகுதியைக் குறுக்கினாலும் தொடை விரியாமல் கால் நேராக இறங்கும். அடுத்தது ஸ்பிரிங்கின் முன்னழுத்தம். ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் தன் ஓட்டத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமிழ வேண்டும். 55 கிலோ எடையுள்ளவருக்கு அது அமிழாமல் விறைத்து நின்றால், அவர் எடைக்கேற்பச் சரிசெய்வதிலேயே சில மில்லிமீட்டர் கிடைத்துவிடும். இதைத் தாண்டி முன்னழுத்தத்தை இன்னும் தளர்த்துவதும் வண்டியைப் பின்னால் இறக்குவதுதான், அதே கேடுதான்.

நிறுவனங்களே தாழ்வான வண்டிகளை விற்கும்போது நாம் செய்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். ட்ரையம்ஃப், டைகர் 900 ஜிடி லோ என்ற வடிவத்தில் 760 மி.மீ. உயரத்தில் இருக்கை தந்தது. கேடிஎம் 2023இல் 390 அட்வெஞ்சரை 830 மி.மீ. உயரத்திலும் விற்றது. தொழிற்சாலையில் இறக்கும்போது முன்னும் பின்னும் சேர்ந்து இறங்கும். ஸ்பிரிங், ஸ்டாண்டு எல்லாம் அதற்கேற்ப அமையும். பிறகு வண்டியை ஓட்டிச் சோதிப்பார்கள். ஃபோர்க்கைக் கிளாம்பில் மேலேற்றி முன்பக்கத்தையும் நாமே இறக்கலாம் என்பார்கள் சிலர். அது பின்பக்கத்தை மட்டும் இறக்குவதைவிட நல்லது. ஆனால் பிரேக் பிடித்து ஃபோர்க் முழுதும் அமிழும்போது முன் மட்கார்டு எங்கே இடிக்கும் என்று அளந்து பார்த்தாக வேண்டும். பட்டறையில் அந்த அளவை எடுக்காவிட்டால், முதல் சோதனை தொப்பூரில்தான் நடக்கும்.

சட்டத்தையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம். தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது; 2019 திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், இழப்பீடு கேட்கும் நாளில் எதிராக வந்து நிற்கும்.

இந்தப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டிய இடம் வெகுதூரத்தில் இல்லை. டிவிஎஸ்ஸின் ஓசூர், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரியும்வரை தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்தில் இருக்கிறது. 152 செ.மீ. உயரமுள்ள பெண்களும் 165 செ.மீ. உயரமுள்ள ஆண்களும் வாழும் நாட்டில் உட்கார்ந்து வண்டியை வடிவமைக்கும் இந்த நிறுவனங்கள், ஒவ்வொரு நெடும்பயண வண்டிக்கும் முன்னும் பின்னும் ஒருசேரத் தாழ்ந்த ஒரு வடிவத்தை, குட்டையான ஸ்டாண்டோடு, கூடுதல் விலையில்லாமல் விற்க வேண்டும். வாங்குகிறவர்கள் ஷோரூமிலேயே அதைக் கேளுங்கள். கிடைக்கும்வரை இருக்கையை மாற்றுங்கள், ஸ்பிரிங்கை உங்கள் எடைக்குச் சரிசெய்யுங்கள். பின்பக்க ஷாக்கில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.