தொட்டியைப் பெருக்கினால் நெரிசல் தீருமா?

விரைவு, விரைவு என்று கூவி விற்கும் வணிகக் கூட்டம் பொய்யொன்றை மெய்போற் பரப்பி வருகின்றது. இணையம் தளர்கின்றதா? குழாயை அகலமாக்குக! தரவுப் பொதிகள் தங்க இடம் போதவில்லையா? தேக்கத் தொட்டியைப் பெரிதாக்குக! இவ்விரண்டுமே மருந்தென வாங்குவோரும் நம்பிவிட்டனர். முன்னது அரைமெய், பின்னதோ முழுப்பொய்.

1986-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் நிகழ்ந்ததைக் காண்க. அமெரிக்க நாட்டில், இலாரன்சு பெர்க்கிலி ஆய்வகத்திற்கும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்திற்கும் இடைத்தொலைவு ஏறத்தாழ 400 கசம். அவற்றிடையே நொடிக்கு 32,000 துணுக்குகள் சென்றுகொண்டிருந்த இணைப்பு, திடுமென நொடிக்கு 40 துணுக்குகளாகச் சரிந்தது. நாற்பது துணுக்கென்பது ஐந்தே உரோமன் எழுத்து! செய்தியை ஏட்டில் எழுதி, கையிற் பிடித்து நடந்து சென்றிருப்பினும் விரைவிற் சேர்ந்திருக்கும்.

கம்பி அறுந்ததா? இல்லை. கருவி பழுதுற்றதா? அதுவும் இல்லை. அனுப்பிய பொதிக்கு ஒப்புகை வரக் காலந்தாழ்ந்தது. பொதி தொலைந்ததெனக் கருதிய கணிப்பொறி அதனையே மீண்டும் அனுப்பிற்று. முதற்படியோ தொலையவில்லை, வரிசையிற் காத்துக் கிடந்தது. அதன்பின் இரண்டாம் படி, மூன்றாம் படி! எல்லாக் கணிப்பொறிகளும் இவ்வாறே செய்ய, வழியெங்கும் ஒரே பொதியின் படிகளே நிறைந்தன. பளு மிகமிகப் பயன் குன்றிற்று. இத்தகைய நெரிசற் சரிவு நேருமென்று சான் நேகிள் என்பார் 1984-ஆம் ஆண்டிலேயே எழுதி எச்சரித்திருந்தார். கேட்டார் யார்?

தீர்வு தந்தவர் வான் சேக்கப்சன். மைக்கேல் கேரல்சு என்பாருடன் அவர் 1988-இல் வெளியிட்ட முறை, குழாயை ஒரு விரற்கடையும் அகலமாக்கவில்லை. தொடக்கத்திற் சிலவே அனுப்புக. ஒப்புகை வரவரப் பெருக்குக. பொதி தொலைந்தால் அதனை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு உடனே குறைத்துக்கொள்க. பின்னர்ச் சிறிது சிறிதாக ஏறுக. காவலர் எவருமின்றி, அனுப்புவோர் தாமே தம்மை அடக்கிக்கொண்டதனாற்றான் இணையம் பிழைத்தது.

இம்முறையின் உயிர்நிலை எது? நிறைந்த தொட்டி, பொதியை உடனே கைவிடுதல். அவ்விழப்பே அனுப்புவோனுக்கு எட்டும் செய்தி. நினைவகம் மலிவானதும் கருவி செய்வோர் அச்செய்தியையே மறைக்கத் தலைப்பட்டனர். இழப்பெல்லாம் குற்றமென்று எண்ணித் தொட்டியைப் பெருக்கினர். மடை சிறுத்திருக்கக் குளத்தை மட்டும் அகழ்ந்து என்ன பயன்? ஒரு மெகாபைட்டுத் தொட்டி நிறைந்து, நொடிக்குப் பத்து இலக்கம் துணுக்குகளே வெளியேறும் வழி இருப்பின், இறுதியிற் புகுந்த பொதி எட்டு நொடி காத்துக் கிடக்கும். தொலைபேசியில் ஒருவர் வினவ மற்றவர் எட்டு நொடி கழித்து விடையிறுத்தால் அதற்கு உரையாடல் என்று பெயரா? 2010-இல் சிம் கெட்டிசு இந்நோயைத் தம் இல்லத்து இணைப்பிலேயே கண்டு, தொட்டி வீக்கமெனப் பொருள்படப் பெயரிட்டார்.

திடீர்ப் பெருக்கைத் தாங்கச் சிறு தொட்டி வேண்டும், அதனை மறுப்பாரில்லை. எல்லையற்ற தொட்டியோ எதனையும் காவாது. பொதி ஒவ்வொன்றிற்கும் வாழ்நாள் வரம்புண்டு. முடிவிலா வரிசையில் நின்று அது தீர்ந்தபின் பொதி குப்பையே. மிகைச்சுமையில், எல்லையற்ற தொட்டிகளையுடைய வலை எல்லாப் பொதிகளையும் இழக்குமென அந்நேகிளே 1985-இல் நிறுவினார். அனுப்பும் கணிப்பொறி ஒவ்வொன்றிற்கும் தனி வரிசை வைத்து முறைமாற்றி விடுகவென்றும் அவ்வுரையிலேயே கூறினார். கொட்டுபவன் வரிசை நீளும். அடங்கியவன் வழி அடைபடாது. பொதுவழியில் நயன் என்பது இதுவன்றோ!

ஒளியிழைக் காலத்தில் இவையெல்லாம் எதற்கென்பார் உளர். அகன்ற குழாய் குறுகிய குழாயைத் தொடும் இடம் எங்கேனும் இருந்தே தீரும்; ஓரிடத்தை அகற்றினால் நெரிசல் மற்றோரிடத்திற்கு நகரும். வரும் விரைவு மிகுந்தால் அங்குள்ள தொட்டி முன்னிலும் விரைந்து நிறையும், அவ்வளவே.

மருந்து இல்லாமலும் இல்லை. கேத்லீன் நிக்கல்சு அம்மையாரும் சேக்கப்சனும் 2012-இல் தந்த முறை, வரிசையின் நீளத்தை நோக்காது காத்திருப்பையே நோக்குவது. காத்திருப்பு 100 மில்லிநொடிக் காலம் முழுதும் 5 மில்லிநொடிக்குக் கீழிறங்காவிடில் பொதியைக் கைவிடத் தொடங்கும். அவ்வாண்டே இலினக்சு மென்பொருளில் அது விலையின்றிச் சேர்ந்தது. இருந்தும், கடைத்தெருவில் ரூட்டர் என வழங்கும் திசைவிகள் எல்லாவற்றிலும் அஃது இயங்கவில்லை. பெட்டியின்மேல் விரைவைப் பேரெழுத்திற் பொறிப்போர், சுமையேறிய போது காத்திருப்பு எவ்வளவென்று பொறிப்பதுண்டா? வாங்குவோர் அதனைக் கேட்டுப் பெறுக. பெரிய கோப்பொன்றை அனுப்பிக்கொண்டே மறுமொழிக் காலத்தை அளந்தால், வீட்டுத் திசைவியின் வீக்கம் அங்கேயே புலனாகும்.