சாம்பலும் சான்றிதழும்

தவக்காலம் பிறந்ததும் சித்தூரிலும் திருப்பதியிலும் இரு வகைப் பேச்சுகள் எழுகின்றன. காப்பியை விடுங்கள், தொலைக்காட்சித் தொடரை விடுங்கள், கைப்பேசியை விடுங்கள் என்று பிரசங்கியார் பட்டியல் தருகிறார். ஆய்வாளரோ நாற்பது நாள் நோன்பை ஐயப்ப விரதத்தோடு ஒப்பிட்டு, 'பண்பாட்டுமயமாதல்' என்ற சொல்லைப் பொருத்திவிட்டு, கட்டுரையை முடித்துக்கொள்கிறார். இருவர் கண்ணும் சாப்பாட்டுத் தட்டின் மேலேயே இருக்கிறது. பாவ அறிக்கையும் மரண நினைவும் இருவர் பேச்சிலும் இல்லை. அவற்றைப் பேசினால் இருவருக்குமே சங்கடம்.

'அந்நிய இறக்குமதி' என்ற வாதத்தை நெடுநேரம் மறுக்க வேண்டியதில்லை. 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆற்காடு மிஷன் சித்தூரைத் தன் தொடக்க நிலையங்களுள் ஒன்றாகக் கொண்டது. அது அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. அம்மரபின் தோற்றக் கதைகளில் ஒன்று, 1522-ஆம் ஆண்டு நோன்பு நாளில் சூரிக் நகரத்தார் சிலர் வேண்டுமென்றே இறைச்சி உண்டதும், உல்ரிக் ஸ்விங்ளி அவர்களுக்காக வாதாடியதும்தான். ஆகவே இப்பகுதியின் சீர்திருத்தச் சபைகளில் சாம்பல் புதன் நிலைபெற்றது வெள்ளை மிஷனரியின் கட்டளையால் அன்று. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, ஆங்கிலிக்க மரபினரோடு ஒன்றான பிறகு, பொதுவான வழிபாட்டு ஆண்டின் வழியாகத்தான்.

சொற்களும் இதையே காட்டுகின்றன. சீர்திருத்தச் சபைத் தமிழர் 'லெந்து' என்கின்றனர். அவர்களுடைய தெலுங்கு அயலார் 'சிரம தினாலு' என்கின்றனர், அதாவது கிறிஸ்துவின் பாடுகளின் நாட்கள். கத்தோலிக்கருக்கு இரு மொழியிலும் அது தவத்தின் காலம். அதன் முதல் நாள் தமிழில் விபூதிப் புதன், தெலுங்கில் விபூதி புதவாரமு. பாவ அறிக்கைக்குப் பழைய கத்தோலிக்கத் தமிழ் வழங்கிய பெயர் பாவசங்கீர்த்தனம், தெலுங்கிலும் அதுவே. அன்னமய்யாவின் சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் காக்கப்பட்ட ஊரில், அதே சொல் குருவின் காதில் முணுமுணுக்கப்படும் குற்றத்துக்கும் பெயராயிருப்பதை ஒப்பீட்டாளர்கள் ஏனோ கவனிப்பதில்லை.

சீர்திருத்தச் சபைத் தமிழில் 'பாவ அறிக்கை', 'விசுவாச அறிக்கை' என இரண்டுக்கும் தலைச்சொல் ஒன்றே. செய்த குற்றத்தையும் கொண்ட நம்பிக்கையையும் ஒரே வினையால் சொல்லும் மொழி அது. இந்த வட்டாரத்தில் அச்சொல் இரண்டாகப் பிளக்கப்பட்டிருக்கிறது, பிளந்தது சட்டம்.

1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி நிலையை இந்துக்களுக்கு மட்டும் உரியதாக்கியது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் இன்றும் வெளியே. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் ஞானஸ்நானம் பெற்றதையும் தேவாலயத்துக்குத் தவறாமல் சென்றதையும் சுட்டி, உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுத்தது. பத்தாண்டு போதகராயிருந்தவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாட முடியாது, சான்றிதழ் கையில் இருந்தாலும் பயனில்லை என்று 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு ஜூலையில், புத்தூரில் ஞாயிறு வழிபாட்டுக்குச் செல்கிறார் என்பதற்காகத் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலர் ஒருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். (கோயில் தன் ஊழியரிடம் தன் சமயத்தை எதிர்பார்க்கலாமா என்பது தனி வழக்கு, அதற்கும் நியாயங்கள் உண்டு.) நெற்றியில் சாம்பலோடு தெருவில் நடப்பது இங்கே சிலருக்கு வெறும் பக்திச் செயல் அன்று. அது சாட்சியமாகிவிடும்.

இந்நிலையில்தான் பிரசங்க பீடத்திலிருந்து 'இரகசியக் கிறிஸ்தவர்கள்' மீது கண்டனம் பொழிகிறது. தாளில் ஒரு மதம், ஆலயத்தில் ஒரு மதம், இது பொய், இதை அறிக்கையிடுங்கள் என்கிறார்கள். மதமாற்ற எதிர்ப்பாளர்கள் கையாளும் 'கிரிப்டோ' என்ற வசைக்கும் இக்கண்டனத்துக்கும் பொருளளவில் வேறுபாடு என்ன? பிள்ளையின் கல்லூரி இடத்தையும் அடிபட்டால் வழக்குத் தொடுக்கும் உரிமையையும் பணயம் வைத்துப் பேசு என்று கேட்பவர், தாம் எதையும் பணயம் வைக்காதவராயிருப்பது தற்செயலா?

சலுகைக்காக மறைப்பது பொய்தானே என்ற எதிர்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் அது ஞானஸ்நானத்தோடு சாதி நீங்கிவிடுகிறது என்ற கருதுகோளின் மேல் நிற்கிறது. அக்கருதுகோளைச் சோதிக்கச் சித்தூரிலிருந்து தெற்கே, தமிழ்நாட்டில் உளுந்தூர்ப்பேட்டை அருகேயுள்ள எறையூர் வரை சென்றால் போதும். சவ ஊர்வலப் பாதையிலும் கல்லறையிலும் பாகுபாடு கண்ட தலித் கத்தோலிக்கர் அங்கே தனிப் பங்கு கேட்டனர். 2008 மார்ச் 9 அன்று அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தொடர்ந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கத்தோலிக்கர் இருவர் மாண்டனர். அன்று தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. எல்லாரும் மண்ணே என்று நெற்றியில் எழுதிக்கொண்ட மக்கள், ஏறக்குறைய ஒரு மாதத்தில், யார் பிணம் எந்த வழியே போகலாம் என்பதற்காக மோதிக்கொண்டனர். சாதி போய்விட்டது என்று நீதிமன்றம் சொல்லட்டும். திருச்சபை அதை வழிமொழிவது எப்படி?

மரண நினைவு என்பதையும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வாழ்நாளெல்லாம் காக்கப்பட்ட மௌனம் அடக்கத்தன்று உடைகிறது. பணிப்பதிவேட்டில் ஒரு பெயர், கல்லறைக் கல்லில் வேறொரு பெயர். சிலுவை நாட்டலாமா என்று குடும்பம் யோசிக்கும்போது, உயிரோடிருக்கும் பிள்ளைகளின் சான்றிதழும் அந்த யோசனைக்குள் வந்துவிடுகிறது. சாவை எண்ணிப் பார் என்று இவர்களுக்கு எவரும் போதிக்கத் தேவையில்லை.

பொது அறிக்கையின் இலக்கணத்தைப் பிரசங்கியார் ஒருமுறை கவனிக்கலாம். தமிழில் அது 'நாங்கள்' என்று தொடங்குகிறது, தெலுங்கில் 'மேமு' என்று. கேட்கும் கடவுளை மட்டும் விலக்கி, கூடியிருப்போர் அனைவரையும், பீடத்தில் நிற்பவரையும் சேர்த்து, அடக்கும் பன்மை அது. பத்து நிமிடம் கழித்துப் பிரசங்கம் தொடங்கும்போது அது 'நீங்கள்' ஆகிவிடுகிறது. அடுத்த சாம்பல் புதனன்று அந்த 'நாங்கள்' பிரசங்கத்திலும் நீடிக்கட்டும். எங்கள் கல்லறைத் தோட்டங்களில் யாரை எங்கே புதைத்தோம், 1950-ஆம் ஆண்டு ஆணையைப் பற்றி எத்தனை ஞாயிறுகள் வாய் திறக்காமல் இருந்தோம் என்பதை முதலில் மேடையிலிருப்பவர்கள் சொல்லட்டும். காப்பியைப் பற்றிய அறிக்கையை அதற்கடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.