அரைப்புள்ளியின் அருமை

“என்ன, வெறும் டிராதானா?” என்று உதட்டைப் பிதுக்குவோர் எங்கள் கெடாரிலும் உண்டு, நம் கல்லூரியிலும் உண்டு. வெற்றி ஒன்றே விளையாட்டு என்னும் அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2023 ஆகஸ்டில் பாக்கு நகரில் நடந்த சதுரங்க உலகக்கோப்பை இறுதிப்போட்டியை எண்ணிப் பாருங்கள். ஒருபுறம், ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற கார்ல்சன். மறுபுறம், 18 வயதுச் சென்னை இளைஞர் பிரக்ஞானந்தா. தரப்புள்ளியில் இடைவெளி 140-க்கும் மேல். எலோ கணக்குப்படி, இத்தகைய இருவர் பத்து ஆட்டங்கள் ஆடினால் வலியவர் ஏறக்குறைய 7 புள்ளி பெறவேண்டும். நடந்தது என்ன? 22ஆம் நாள் 35 நகர்த்தலில் டிரா. மறுநாள் 30 நகர்த்தலில் டிரா. 24ஆம் நாள் விரைவு ஆட்டங்களில்தான் கார்ல்சன் கோப்பையை வென்றார். அவருக்கு உடல்நலம் குன்றியிருந்தது உண்மையே. ஆயினும் இறுதிவரை வந்தவருக்கு யாரும் இனாம் தரவில்லை.

இத்தகைய டிராவில் குறைந்த புள்ளிக்காரரின் தரம் ஏறுகிறது, மற்றவருடையது இறங்குகிறது. கணக்கே ஒப்பும் சாதனையை நாம் ஏன் மறுக்கவேண்டும்?

ஆனால் ஒன்று. எதிராளியின் புள்ளியைக் கண்டு மிரண்டு, பத்தாம் நகர்த்தலிலேயே “டிராவா?” என்று கேட்பது யாசகம். போராடிப் பெறும் அரைப்புள்ளியோ உழைத்த கூலி.

சிற்றூரிலிருந்து வந்து, பெருநகர மாணவர் எதிரே பலகைமுன் அமரும் தோழர்களே! தரப்புள்ளி என்பது நேற்றைய ஆட்டங்களின் கணக்கு. இன்றைய ஆட்டம் இன்னும் ஆடப்படவில்லை. எண்ணைப் பார்த்து அஞ்சாதீர்கள். பலகையைப் பார்த்து ஆடுங்கள்!