அகராதி அட்டையில் ஒரு நெசவுக்காரி

வெப்ஸ்டர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது தடித்த ஆங்கில அகராதிதான். எந்தச் சொல்லுக்கும் பொருள் தேடி அதைப் புரட்டும் நாம், வெப்ஸ்டர் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று தேடியதுண்டா? தேடினால் ஒரு நெசவுக்காரி அன்றோ எதிரே வந்து நிற்கிறாள்!

நாம் ஆசிரியர், ஆசிரியை என்று பிரித்துச் சொல்வதைப் போல, பழைய ஆங்கிலத்தில் தொழில் செய்யும் பெண்ணைக் குறிக்கத் தனி விகுதி இருந்தது. அதுவே பின்னர் 'ஸ்டர்' என்றாயிற்று. நெய்தவள் வெப்ஸ்டர், ரொட்டி சுட்டவள் பாக்ஸ்டர், பார்லி மது காய்ச்சியவள் ப்ரூஸ்டர். இங்கிலாந்தில் 13, 14ஆம் நூற்றாண்டுகளில் இத்தகைய தொழிற்பெயர்கள் பல, பரம்பரைக் குடும்பப் பெயர்களாக நிலைத்தன.

அதற்குள் வட இங்கிலாந்தில் ஆண் நெசவாளரையும் வெப்ஸ்டர் என்றே அழைக்கலாயினர். ஆகவே, ஒவ்வொரு வெப்ஸ்டர் குடும்பத்துக்கும் மூதாதை ஒரு பெண்தான் என்று சாதிக்க நாம் வரவில்லை. ஆனால் அதைக் காட்டி, "இப்பெயரில் பெண்ணுக்குப் பங்கே இல்லை" என்பாரையும் நாம் ஒப்புவதற்கில்லை. ஆண் செய்யும் வேலைக்கும் பெண்ணின் பெயரே ஒட்டிக்கொண்டதென்றால், அவ்வேலையில் அவள் கை எவ்வளவு ஓங்கியிருந்திருக்க வேண்டும்!

நாளடைவில் 'ஸ்டர்' பெண்ணைக் குறிப்பது என்பதே மறந்து போயிற்று. தையற்காரியைச் சுட்டிய 'ஸீம்ஸ்டர்' என்ற சொல் போதாதென்று, அதன்மேல் இன்னொரு பெண்பால் விகுதியை ஒட்டி 'ஸீம்ஸ்ட்ரெஸ்' ஆக்கினர். சட்டைக்கு மேல் சட்டை!

அகராதி தந்த நோவா வெப்ஸ்டர் 1758இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் பிறந்தவர். இங்கிலாந்திலிருந்து குடியேறிய அவருடைய முன்னோர் ஜான் வெப்ஸ்டர், 1656இல் அக்குடியேற்றத்தின் ஆளுநராகவே இருந்தார். நோவா 1828இல் சுமார் 70,000 சொற்களுடன் தம் பேரகராதியை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். நெசவுக்காரியின் பெயர் இப்படி அறிவுலகில் அரியணை ஏறியது.

அவளுடைய உடன்பிறப்பான 'ஸ்பின்ஸ்டர்' என்ற சொல்லுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நூல் நூற்பவள் என்பதே அதன் பொருள். நீதிமொழிகள் நூலின் கடைசி அதிகாரம் புகழும் மனையாளும் நூற்றவளே. ஆயினும் 17ஆம் நூற்றாண்டில் அச்சொல் மணமாகாத பெண்ணைக் குறிக்கும் சட்டச் சொல்லாயிற்று. பின்னர் ஏளனச் சொல்லாகவும் தாழ்ந்தது. தன் கையால் உழைத்தவளின் பெயரில் ஏளனத்துக்கு என்ன இருக்கிறது? 2005இல் இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் அதைக் கைவிட்டார்கள். ஏளனத்தை விட்டுவிட்டுச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கலாம் என்பதே நம் கருத்து.

அடுத்த முறை நூலகத்தில் வெப்ஸ்டரை எடுக்கும்போது, 'எஸ்' எழுத்துப் பக்கங்களில் அந்த நூற்பவளையும் ஒருமுறை பார்த்துவிட்டு வருவதாக இருக்கிறோம்.