கொடையும் கரண்ட் பில்லும்



பிறருக்கு உதவக் காசு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இரத்தம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தமது வீட்டுக் கணனியின் உழைப்பைக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

பெரிய ஆராய்ச்சிக் கணக்கொன்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி, இன்டர்நெட் வழியாக வீடுகளுக்கு அனுப்புவார்கள். வீட்டுக் கணனி தன் பங்கைச் செய்து முடித்து, விடையைத் திருப்பி அனுப்பும். கலியாண வீட்டில் ஒரு மூடை வெங்காயத்தைப் பெண்கள் கூடியிருந்து உரித்து முடிப்பதில்லையா? அது போலத்தான் இதுவும்.

இதன் பலன் சிறியதல்ல. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்ற திட்டம், உடலிலுள்ள புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன என்று கணக்கிடுகிறது. 2020இல் கொரோனா பரவியபோது, அந்தக் கிருமியின் புரதங்களை ஆராய லட்சக்கணக்கானோர் தம் கணனிகளை இதில் சேர்த்தார்கள். அப்போது அவையெல்லாம் ஒன்றாக விநாடிக்குச் செய்த கணக்குகளின் எண்ணிக்கை, 1க்குப் பின்னால் 18 பூச்சியம் போட்ட தொகையைத் தாண்டியது. அதுவரை உலகின் எந்தத் தனிக் கணனியும் அந்த வேகத்தை எட்டியதில்லை.

இந்த வேகத்தில் பெரும்பங்கு ‘கிராபிக்ஸ் கார்ட்’ என்ற சாமானுக்கு உரியது. விளையாட்டுப் படங்களைத் திரையில் காட்டுவதற்காகச் செய்யப்பட்ட கார்ட் அது. அதனுள் கணக்குப் போடும் சின்னஞ்சிறு உறுப்புகள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒரே மாதிரியான கணக்குகளை ஒரே நேரத்தில் போட அது மிகவும் பொருத்தமானது. ஆகவே மேலைநாடுகளில் ஆர்வமுள்ள சிலர், ஒரே பெட்டிக்குள் நான்கு கார்ட்களை நெருக்கிப் பூட்டி, வீட்டில் இரவு பகலாக ஓட விடுகிறார்கள். இதில் அவர்களுக்குக் காசு வருவதில்லை.

நல்ல நோக்கம்தான். ஆனால் செலவையும் பார்க்க வேண்டுமே! ஒரு கார்ட் 250 வாட் எடுத்தால் நான்கும் 1000 வாட். மற்றப் பாகங்களோடு 1200 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடுப்பு அயன் பண்ணும் பெட்டியை இருபத்திநான்கு மணி நேரமும் போட்டு வைத்தது போலத்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 யுனிட். முப்பது நாளைக்கு 864 யுனிட். யுனிட் கூடக்கூட விலையும் கூடும் நமது நாட்டில் அந்த பில்லை யார் கட்டுவது?

அடுத்தது வெப்பம். உள்ளே போகும் மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. குளிர் நாட்டில் அது அறைக்குக் கணப்பு. நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் அந்தச் சூட்டைப் போக்க ஏ.சி. போட்டால், அதற்கும் வேறு கரண்ட் வேண்டும். கார்ட்கள் ஒட்டி ஒட்டி இருந்தால், ஒன்று கக்கும் சூட்டை அடுத்தது இழுத்துக்கொள்ளும். ஆகவே சூட்டை நேரே பின்பக்கமாக வெளியே தள்ளும் ஃபேன் உள்ள கார்ட்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அல்லது திறந்த சட்டத்தில் இடைவெளி விட்டு, நீட்டு வயரால் இணைப்பார்கள்.

ஆபத்து அந்த வயரிலும் உண்டு. அத்தகைய இணைப்பு 75 வாட் வரை இழுக்கக்கூடும். ஹார்ட் டிஸ்க்குக்கான மெல்லிய பிளக்கோ 54 வாட்டுக்கு மேல் தாங்காது. அதை இதில் மாட்டினால் பிளக் உருகும், தீயும் பிடிக்கலாம். ஒரே ‘மல்டி பிளக்’கில் இந்தக் கணனியையும் வேறு சாமான்களையும் சேர்த்துக் கொழுவுவதும் கூடாது.

உங்கள் பிள்ளைகளில் ஒருவருக்கு இந்த ஆசை வந்தால், முகத்தை முறித்து “வேண்டாம்” என்று சொல்லிவிடாதீர்கள். உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். நான்கு கார்ட் எதற்கு, ஒன்று போதாதா என்று கேளுங்கள். கார்ட் இழுக்கும் மின்சாரத்துக்கு எல்லை வைக்க வழியுண்டு. முப்பது வீதம் குறைத்தாலும் வேகம் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

பெரிய இயந்திரம் இருந்தால்தான் பலன் என்றும் இல்லை. ‘ஐன்ஸ்டீன் அட் ஹோம்’ என்ற திட்டத்தில், அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக் கணவனும் மனைவியும், ஜெர்மனியில் இன்னொருவரும் தம் கணனிகளைச் சேர்த்திருந்தார்கள். 2010இல் அந்தக் கணனிகள், விநாடிக்கு 41 தடவை சுழலும், அதுவரை யாரும் அறியாத விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தன.

கொடுப்பவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர் என்றால் அது கொடையாகாது. வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்து, சம்மதித்து, தாங்கக்கூடிய அளவில் கொடுப்பதே நிலைக்கும்.